பட்டம் இல்லாமல் ஏழைகளுக்கு மனு எழுதிக் கொடுப்பது குற்றமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

பொருநை டீச்சர்

நான் ஓய்வு பெற்ற ஆரம்பப் பள்ளித் தலைமையாசிரியை. நாலு வருடமாகத் திங்கட்கிழமை தோறும் கலெக்டர் ஆபீசுக்குப் போகிறேன், அன்றைக்குத்தான் குறைதீர் கூட்டம். எட்டரை மணிக்கே வேப்பமரத்தடியில் உட்கார்ந்துவிடுவேன், கையில் ஒரு குயர் வெள்ளைத்தாள், நாலு பேனா, ஒரு மைப் பெட்டி. முதியோர் உதவித்தொகை திடீரென்று நின்று போனவர்கள், பட்டாவில் செத்துப் போன மாமனார் பெயரே இன்னும் இருப்பவர்கள், வாரிசுச் சான்றுக்கு ஏழாவது தடவை அலைகிறவர்கள், இப்படி வருவார்கள். கேட்டு, எழுதி, வாசித்துக் காட்டி, கைநாட்டு வாங்கி, வரிசையில் நிற்க வைப்பேன். பணம் வாங்குவதில்லை. வெளியே மனு எழுதுகிறவர்கள் ஒரு மனுவுக்கு 50, 100 வாங்குகிறார்கள், அது அவர்கள் பிழைப்பு, அதில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை. ஆனால் அந்த 100 ரூபாய் இல்லாமல் திரும்பிப் போகிறவர்களை என் கண்ணால் பார்த்ததால்தான் உட்கார ஆரம்பித்தேன்.

போன வாரம் ஒரு வக்கீல் வந்து நின்று, "சட்டம் படிக்காமல் இதெல்லாம் செய்யக் கூடாது, ஆறு மாதம் உள்ளே வைப்பார்கள்" என்று எல்லோரும் கேட்கும்படி சொல்லிவிட்டுப் போனார். காத்திருந்த ஏழு பேரில் மூன்று பேர் எழுந்து போய்விட்டார்கள். அதில் ஒருத்தி கணவன் அடித்த காயத்தோடு வந்தவள், அவள் பெயரைக்கூட நான் கேட்டிருக்கவில்லை.

எனக்குப் பயம் என்று இல்லை. ஆனால் நான் செய்வது தப்பு என்றால் நிறுத்த வேண்டும். தப்பில்லை என்றால் அடுத்த முறை அவருக்கு என்ன பதில் சொல்வது என்று தெரிய வேண்டும்.

கறுப்புக்கோட்டு

அம்மா, வணக்கம். மாவட்ட நீதிமன்றத்தில் 18 வருடமாகத் தொழில் செய்கிறேன். என் தொழிலைச் சேர்ந்தவர் சொன்னதால் நானே பதில் எழுதுகிறேன்.

அவர் சொன்ன ஆறு மாதம் சட்டத்தில் இருக்கிறது. 1961-ஆம் ஆண்டு வழக்கறிஞர்கள் சட்டத்தின் 45-வது பிரிவு. வழக்கறிஞராகப் பதிவு செய்யாத ஒருவர் நீதிமன்றத்திலோ ஓர் அதிகார அமைப்பின் முன்போ தொழில் செய்தால் 6 மாதம் வரை சிறை. 29, 33 பிரிவுகள் தொழில் செய்யும் உரிமை யாருக்கு என்று சொல்கின்றன. அதோடு, 2018-ல் ஏ.கே.பாலாஜி வழக்கில் உச்ச நீதிமன்றம் இன்னொன்றும் சொன்னது. அது வெளிநாட்டுச் சட்ட நிறுவனங்கள் இங்கே வரலாமா என்பது பற்றிய வழக்கு, நம் சென்னையில்தான் ஆரம்பித்தது. கோர்ட்டில் நின்று வாதாடுவது மட்டும் வக்கீல் தொழில் இல்லை, சட்டக் கருத்துச் சொல்வது, ஆவணம் தயாரிப்பது எல்லாமே அதில் அடக்கம் என்று தீர்ப்பு. அதனால் "நான் கோர்ட்டுக்கே போகவில்லையே" என்று மட்டும் சொல்லித் தப்பிக்க முடியாது.

ஆனால் நீங்கள் செய்வது தொழில் இல்லை. அந்தப் பாட்டியின் மனுவை அந்தப் பாட்டிதான் கொடுக்கிறார், கைநாட்டு அவருடையது, வரிசையில் நிற்பதும் அவர்தான். எழுதத் தெரியாதவருக்காக நீங்கள் எழுதுகிறீர்கள். அரசு அலுவலகத்தில் மனுக் கொடுப்பதற்கு வக்கீல் வேண்டும் என்று எந்தச் சட்டத்திலும் இல்லை. தகவல் அறியும் உரிமைச் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. எழுத முடியாதவர் வாயால் சொன்னால் அதை எழுத்தில் கொண்டுவர உதவ வேண்டியது பொதுத் தகவல் அலுவலரின் கடமை என்று 6-வது பிரிவிலேயே இருக்கிறது. காவல் நிலையத்திலும் அப்படித்தான். வாய்மொழியாகச் சொன்ன புகாரை அவர்களே எழுதி, வாசித்துக் காட்டி, முதல் தகவல் அறிக்கை போட்டு அதன் நகலை இலவசமாகத் தர வேண்டும். அவர்கள் செய்ய வேண்டிய வேலையைத்தான் நீங்கள் மரத்தடியில் உட்கார்ந்து செய்கிறீர்கள்.

எங்கே கோடு என்றால், ஒருவர் சார்பில் நீங்கள் எழுந்து நின்று வாதாடக் கூடாது, வக்காலத்து போடக் கூடாது, வக்கீல் என்று யாரையும் நினைக்க விடக் கூடாது. நீங்கள் பணம் வாங்காதது உங்களுக்குப் பெரிய பாதுகாப்பு. இன்னொன்று ரொம்ப முக்கியம். ஒரு கேஸை ஒரு வக்கீலிடம் அனுப்பிவிட்டு அவரிடம் கமிஷன் வாங்கினால் அது தரகு. 2023 திருத்தத்தில் 45ஏ என்று புதிதாகச் சேர்த்திருக்கிறார்கள், தரகர்கள் பட்டியல் போட்டு கோர்ட் வளாகத்துக்குள் விடாமல் தடுக்கலாம், பட்டியலில் பெயர் இருப்பவர் தரகு வேலை பார்த்தால் 3 மாதம் வரை சிறை அல்லது 500 ரூபாய் வரை அபராதம். விபத்து கேஸ்களில் ஆஸ்பத்திரி வாசலிலேயே நிற்கிற ஆட்களை நாங்கள் தினமும் பார்க்கிறோம், "இலவச உதவி" என்றுதான் அவர்களும் ஆரம்பிப்பார்கள். உங்களிடம் பேசிய அந்த வக்கீலுக்கு அந்தக் கோபம் இருந்திருக்கலாம். ஆளைத் தப்பாக எடைபோட்டுவிட்டார்.

எழுத்தாணி

டீச்சர், நிறுத்திவிடாதீர்கள். என் அப்பாவுக்கு உதவித்தொகை மனு இப்படி ஒருவர் எழுதிக் கொடுத்துத்தான் கிடைத்தது. அவர் யார் என்றுகூட எங்களுக்குத் தெரியாது.

வெள்ளாற்றங்கரை

எல்லோரும் பாராட்டுகிறீர்கள், நான் மறுபக்கம் சொல்கிறேன். டீச்சர் மேல் எனக்கு வருத்தம் இல்லை, என் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன்.

என் அக்கா கூலி வேலை பார்த்துச் சேர்த்த பணத்தை ஒருவரிடம் கொடுத்திருந்தாள், திருப்பித் தருகிறேன் என்று அந்த ஆள் செக் கொடுத்தார், செக் திரும்பி வந்துவிட்டது. தெருவில் சமூக சேவை செய்கிற ஒருவர், நல்ல மனிதர், ஒரு பைசா வாங்கியதில்லை, "போலீசில் மனுக் கொடுப்போம்" என்றார். கொடுத்தோம். புகார் வாங்கிக்கொண்டதற்குச் சி.எஸ்.ஆர் ரசீது தந்தார்கள். பிறகு எஸ்.பி. ஆபீஸ், பிறகு கலெக்டர் மனு, பிறகு முதல்வர் தனிப்பிரிவு. ஒவ்வொரு மனுவுக்கும் ஒரு பதில் வந்தது, எல்லாப் பதிலும் "சிவில் விவகாரம், நீதிமன்றத்தை நாடவும்" என்றுதான். கடைசியில் ஒரு வக்கீலிடம் போனபோதுதான் சொன்னார், செக் திரும்பியது என்று வங்கி தகவல் கொடுத்து 30 நாளைக்குள் நோட்டீஸ் அனுப்பியிருக்க வேண்டும், அனுப்பியிருந்தால் அந்த ஆளுக்கு 15 நாள் அவகாசம், அதற்கும் மேல் ஒரு மாதத்துக்குள் கோர்ட்டில் வழக்கு. செக்குக்கு மூன்று மாத ஆயுள், அதுவும் முடிந்துவிட்டதால் மறுபடி வங்கியில் போடவும் வழியில்லை. கிரிமினல் வழக்கு போடும் வாய்ப்பு போயே போய்விட்டது. சிவில் வழக்கு போடலாம் என்றார், அதற்கு அக்காவிடம் தெம்பும் இல்லை, காலமும் இல்லை.

அந்த நல்ல மனிதர் எங்களுக்குக் கெடுதல் நினைக்கவில்லை. ஆனால் அவருக்குத் தெரிந்த ஒரே மருந்து மனு. எல்லா நோய்க்கும் அதையே கொடுத்தார். இன்றைக்கும் தெருவில் பார்த்தால் அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறாள்.

கறுப்புக்கோட்டு

வெள்ளாற்றங்கரை சொன்னதுதான் என் உண்மையான கவலை. 45-வது பிரிவு இல்லை, காலக்கெடு. சட்டத்தில் ஒவ்வொன்றுக்கும் ஒரு கெடு இருக்கிறது, நுகர்வோர் புகாருக்கு 2 வருடம், பணம் வசூலிக்கும் சிவில் வழக்குக்குப் பெரும்பாலும் 3 வருடம், செக் விஷயத்தில் நாள் கணக்கு. மனுப் போட்டுக்கொண்டே இருந்தால் கெடு நிற்காது, ஓடிக்கொண்டேதான் இருக்கும். பட்டம் இல்லாத ஒருவர் ஒரு விஷயத்தை மட்டும் கற்றுக்கொள்ள வேண்டும் என்றால் நான் இதைத்தான் சொல்வேன்: வந்தவர் வாயைத் திறந்ததும் "இது எந்தத் தேதியில் நடந்தது?" என்று கேளுங்கள், கையிலிருக்கும் காகிதத்தில் தேதியைப் பாருங்கள். பணம், வேலைநீக்கம், விபத்து, செக், கோர்ட் சம்மன் என்று எது வந்தாலும் அன்றைக்கே சட்ட உதவி மையத்துக்கு அனுப்பிவிடுங்கள், மனு அப்புறம் எழுதலாம்.

பச்சைப்பேனா

நான் தாலுகா சட்டப் பணிகள் குழுவில் சட்டத் தன்னார்வலர். பத்தாம் வகுப்பு வரைதான் படித்தேன், அதற்கு முன்பு மகளிர் குழுவில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். டீச்சர் கேட்ட கேள்விக்கு அரசாங்கமே 2009-ல் ஒரு பதில் கொடுத்துவிட்டது, அதைச் சொல்லத்தான் வந்தேன்.

தேசிய சட்டப் பணிகள் ஆணைக்குழு அந்த வருடம்தான் பாரா லீகல் வாலண்டியர் திட்டம் கொண்டுவந்தது. சட்டம் படிக்காதவர்களைத் தேர்ந்தெடுத்து, பயிற்சி கொடுத்து, அடையாள அட்டை கொடுத்து, ஏழைகளுக்கும் சட்ட உதவிக்கும் நடுவில் பாலமாக நிற்க வைப்பது. ஓய்வு பெற்ற ஆசிரியர்கள், அங்கன்வாடிப் பணியாளர்கள், திருநங்கைகள், மாணவர்கள் எல்லோரும் சேரலாம். நீண்ட தண்டனை அனுபவிக்கிற, நன்னடத்தை உள்ள, படித்த கைதிகளைக்கூடச் சிறைக்குள் இப்படி நியமிக்கலாம் என்று திட்டத்திலேயே இருக்கிறது. மதிப்பூதியம் உண்டு, அதுவும் வேலை கொடுத்த நாளுக்கு மட்டும். மக்களிடம் கை நீட்டக் கூடாது. மாவட்ட ஆணைக்குழு அவ்வப்போது அறிவிப்புப் போடும், கோர்ட் நோட்டீஸ் போர்டில் பார்க்கலாம்.

நாங்கள் என்ன செய்கிறோம் என்றால் முக்கால்வாசி நேரம் யாருக்கு என்ன உரிமை என்று சொல்லி அழைத்துப் போய் உட்கார வைப்பதுதான். 1987-ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டத்தில் 12-வது பிரிவு என்று ஒன்று இருக்கிறது. பெண்கள், குழந்தைகள், எஸ்.சி., எஸ்.டி. மக்கள், மாற்றுத் திறனாளிகள், தொழிலாளர்கள், காவலில் இருப்பவர்கள், இவர்களுக்கெல்லாம் வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே அரசு செலவில் வக்கீல் உண்டு. வருமான வரம்பு மற்றவர்களுக்குத்தான். இதை நான் கிராமத்தில் சொல்லும்போது ஒருவரும் நம்புவதில்லை. "பொம்பளைன்னா போதுமா, வேற ஒண்ணும் வேண்டாமா?" என்று திருப்பித் திருப்பிக் கேட்பார்கள். போதும். 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்தாலும் போதும்.

டீச்சர், அந்தக் காயத்தோடு வந்த பெண் மறுபடி வந்தால் மனு எழுத வேண்டாம். முதலில் ஆஸ்பத்திரி, அங்கே பதிவு ஆகட்டும். அப்புறம் மாவட்ட சமூகநல அலுவலகத்தில் பாதுகாப்பு அலுவலர் இருப்பார், குடும்ப வன்முறைச் சட்டப்படி அறிக்கை எழுதி மாஜிஸ்திரேட்டுக்கு அனுப்புவது அவர் வேலை. கலெக்டர் மனுவில் அது பத்தோடு பதினொன்றாகப் போய்விடும்.

ஒரு வருத்தமும் உண்டு, மறைக்க விரும்பவில்லை. எங்களோடு பயிற்சி எடுத்தவர்களில் பாதிப் பேருக்கு முகாமில் பந்தல் போடுவது, கூட்டம் சேர்ப்பது தவிர வேறு வேலை வரவில்லை. அட்டை இருக்கிறது, வேலை இல்லை. உங்களிடம் வேலை இருக்கிறது, அட்டை இல்லை. அதனால்தான் உங்களைக் கட்டாயம் விண்ணப்பிக்கச் சொல்கிறேன்.

ஆலைச்சங்கு

பச்சைப்பேனா சொல்வது சரி, ஆனால் அட்டை வாங்கினால்தான் உதவலாம் என்ற எண்ணம் வந்துவிடக் கூடாது. நான் கோவையில் பஞ்சாலைத் தொழிற்சங்கத்தில் 30 வருடம் இருந்தவன், படிப்பு எட்டாவது. தொழிலாளர் நீதிமன்றத்தில் எத்தனையோ வழக்குகளில் நானே ஆஜராகியிருக்கிறேன். எப்படி என்றால், 1947-ஆம் ஆண்டு தொழில் தகராறு சட்டத்தில் 36-வது பிரிவு தொழிலாளிக்காகச் சங்க நிர்வாகி பேசலாம் என்று சொன்னது. அதோடு நிற்கவில்லை, எதிர்த் தரப்பு சம்மதித்து நீதிமன்றமும் அனுமதித்தால்தான் வக்கீலே உள்ளே வர முடியும் என்றும் சொன்னது. காரணம் எளிது. முதலாளி பெரிய வக்கீலை வைப்பான், கூலிக்காரனால் முடியாது. அந்த ஏற்றத்தாழ்வைச் சட்டம் எழுதியவர்களே உணர்ந்து வக்கீலை வாசலில் நிறுத்தினார்கள். நான் குறுக்கு விசாரணை செய்யக் கற்றுக்கொண்டது எங்கள் பழைய செயலாளரைப் பார்த்துத்தான். சம்பளப் பட்டியலையும் வருகைப் பதிவேட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு நாள் முழுக்கப் பார்ப்பார், எங்கே மையின் நிறம் மாறுகிறது என்று.

எஸ்.சி., எஸ்.டி. மக்களுக்கான வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்திலும் பாருங்கள், 15ஏ பிரிவில் பாதிக்கப்பட்டவர்கள் தொண்டு நிறுவனம், சமூக சேவகர், வக்கீல் என்று யாருடைய உதவியையும் பெறுவது அவர்கள் உரிமை என்று எழுதியிருக்கிறது. கோர்ட்டிலேயேகூட, வக்கீல் சட்டம் 32-வது பிரிவில், நீதிபதி அனுமதித்தால் ஒரு குறிப்பிட்ட வழக்கில் வக்கீல் அல்லாதவர் பேசலாம். 1978-ல் உச்ச நீதிமன்ற நீதிபதி கிருஷ்ணய்யர் இதைப் பற்றித் தீர்ப்பு எழுதினார், உரிமையாகக் கேட்க முடியாது, அனுமதி கேட்கலாம் என்று. சட்ட உதவி எப்படி இருக்க வேண்டும் என்று 1973-லேயே அறிக்கை கொடுத்த குழுவுக்குத் தலைவரும் அவர்தான்.

பொருநை டீச்சர்

எல்லோருக்கும் நன்றி. வெள்ளாற்றங்கரை எழுதியதை மூன்று முறை படித்தேன். ராத்திரி தூக்கம் வரவில்லை. நாலு வருடத்தில் நான் எழுதிய மனுக்களில் எத்தனை பேருக்குக் கெடு ஓடிப் போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டே படுத்திருந்தேன். நோட்டில் பெயர், ஊர் குறித்து வைத்திருக்கிறேன், ஒவ்வொன்றாகப் பார்க்கிறேன்.

ஒரு சந்தேகம். 74 வயது அம்மா ஒருவர். மகன் பெயருக்கு வீட்டைச் செட்டில்மெண்ட் எழுதிக் கொடுத்துவிட்டார், இப்போது மாட்டுக் கொட்டகையில் இருக்கிறார். இதற்கு மனுவா, வக்கீலா?

கறுப்புக்கோட்டு

ஆர்.டி.ஓ.விடம் போங்கள் அம்மா, அதாவது வருவாய்க் கோட்டாட்சியர். 2007-ஆம் ஆண்டு பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் சட்டம். தமிழ்நாட்டில் தீர்ப்பாயம் என்பது கோட்டாட்சியர்தான். ஜீவனாம்சம் மாதம் 10,000 ரூபாய் வரை உத்தரவிடலாம். 23-வது பிரிவில் செட்டில்மெண்ட் பத்திரத்தையே ரத்துச் செய்யக் கேட்கலாம், ஆனால் "என்னைப் பார்த்துக்கொள்ள வேண்டும்" என்ற நிபந்தனையோடுதான் எழுதிக் கொடுத்தேன் என்பதைக் காட்ட வேண்டியிருக்கும். 2022-ல் உச்ச நீதிமன்றம் இதைக் கண்டிப்பாகப் பார்த்தது, 2025-ல் முதியவர்களுக்குச் சாதகமாக விரித்துப் படிக்க வேண்டும் என்றது. அதனால் பத்திரத்தின் நகலை முதலில் வாங்குங்கள், ஒவ்வொரு வரியையும் பாருங்கள், "அன்பினாலும் பாசத்தினாலும்" என்பதற்கு அப்புறம் பராமரிப்பு பற்றி ஏதாவது ஒரு சொல் இருக்கிறதா என்று. மனுவில் அந்த அம்மா வாயால் சொன்னதை அப்படியே எழுதுங்கள், எப்போது எழுதிக் கொடுத்தார், மகன் என்ன சொல்லி வாங்கினான், எப்போது சோறு நின்றது.

இந்தச் சட்டத்தின் 17-வது பிரிவு வக்கீல் வைப்பதையே தடுக்கிறது, சில உயர் நீதிமன்றங்கள் அதை ஏற்கவில்லை. ஆனால் அவரால் வர முடியாவிட்டால் அவர் அதிகாரம் கொடுத்த வேறொருவர் விண்ணப்பிக்கலாம் என்று 5-வது பிரிவில் இருக்கிறது. அந்த வேறொருவர் நீங்களாக இருக்கலாம், டீச்சர். சட்டமே உங்களுக்கு நாற்காலி போட்டிருக்கிற இடம் இது. உத்தரவு எதிராக வந்தால் 60 நாளுக்குள் கலெக்டரிடம் மேல்முறையீடு, தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள்.

தறிச்சத்தம்

என் தம்பிக்கு ஜாமீன் கிடைத்தும் 23 நாள் ஜெயிலில் இருந்தான். இரண்டு ஜாமீன்தார் வேண்டும், வீட்டு வரி ரசீது உள்ளவர்கள். நாங்கள் வாடகை வீடு, எங்கள் சொந்தக்காரர்கள் எல்லோரும் வாடகை வீடு. எங்கள் தெருவில் தையல் கடை வைத்திருக்கும் ஒரு அண்ணன்தான் அலைந்தார், அவர் சட்டம் படித்தவர் இல்லை, எந்த அமைப்பிலும் இல்லை. ஆர்டரில் என்ன எழுதியிருக்கிறது என்று தமிழில் சொன்ன முதல் ஆள் அவர். அதுவரைக்கும் ஜாமீன் கிடைக்கவில்லை என்றே அம்மா நினைத்து அழுதுகொண்டிருந்தாள்.

இப்படிப்பட்டவர்களுக்கு என்ன வழி என்று யாராவது எழுதுங்கள். எங்களுக்கு முடிந்துவிட்டது, இனி வருகிறவர்களுக்காகக் கேட்கிறேன்.

பச்சைப்பேனா

இதற்கு 2023 ஜனவரி 31-ல் உச்ச நீதிமன்றம் வழிமுறை கொடுத்திருக்கிறது. ஜாமீன் உத்தரவு அன்றைக்கோ மறுநாளோ ஜெயிலுக்கு மெயிலில் போக வேண்டும், 7 நாளுக்குள் ஆள் வெளியே வரவில்லை என்றால் சிறைக் கண்காணிப்பாளர் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் செயலாளருக்குச் சொல்ல வேண்டும், அவர் எங்களைப் போன்ற ஒருவரையோ சிறை வக்கீலையோ அனுப்பலாம். ஒரு மாதமாகியும் ஜாமீன்தார் கிடைக்கவில்லை என்றால் நிபந்தனையைத் தளர்த்த முடியுமா என்று நீதிமன்றம் தானாகவே பார்க்கலாம். ஏழைக் கைதிகளுக்கு மத்திய அரசுத் திட்டமும் அதே வருடம் வந்தது, அப்போது ஜாமீன் பணத்துக்கு 40,000 ரூபாய் வரை, அபராதம் கட்ட முடியாமல் உள்ளே இருப்பவர்களுக்கு 25,000 வரை.

அந்தத் தையல்காரர் அண்ணன் செய்ததற்கு ஈடாக நாங்கள் செய்வது ஒன்றும் இல்லை. ஏழாவது நாள் யாராவது ஒருவர் ஆணைக்குழுவுக்குப் போன் செய்து "இந்தப் பெயர், இந்த ஜெயில், இந்த வழக்கு எண்" என்று சொன்னாலே பாதி வேலை முடிந்துவிடும். உத்தரவு காகிதத்தில் இருக்கிறது, அதை நினைவுபடுத்த ஒரு ஆள் வேண்டும்.

வெள்ளாற்றங்கரை

டீச்சர், நான் எழுதியதால் நீங்கள் நிறுத்திவிடுவீர்களோ என்று பயந்துகொண்டிருந்தேன். நிறுத்த வேண்டாம். அக்காவிடம் இந்த இழையை வாசித்துக் காட்டினேன். "தேதி கேட்கச் சொல்லு, அது போதும்" என்றாள்.

பொருநை டீச்சர்

இன்றைக்குத் திங்கட்கிழமை, போய்விட்டு வந்துதான் எழுதுகிறேன். நோட்டில் இரண்டாவது கட்டமாகத் "தேதி" என்று கோடு போட்டுவிட்டேன். வந்த ஒன்பது பேரில் இரண்டு பேருக்கு மனு எழுதவில்லை. ஒருவருக்கு வேலைநீக்கம், இன்னொருவருக்குக் கோர்ட் நோட்டீஸ் வந்து பதினொரு நாள் ஆகியிருந்தது. அவர்களைக் கையோடு ஆட்டோ ஏற்றி கோர்ட் வளாகத்தில் இருக்கும் சட்ட உதவி மையத்துக்கு அனுப்பினேன். தன்னார்வலர் விண்ணப்பம் பற்றியும் கேட்கச் சொன்னேன், அடுத்த அறிவிப்பு வரும்போது சொல்கிறோம் என்றார்களாம்.

கொட்டகையில் இருக்கும் அம்மாவின் பத்திர நகல் கிடைத்தது. மூன்றாவது பக்கத்தில் "என் ஆயுள் வரை அன்ன வஸ்திரம் கொடுத்து" என்று ஒரு வரி இருக்கிறது. நாளைக்கு ஆர்.டி.ஓ. ஆபீஸ் போகிறோம்.

காயத்தோடு வந்த பெண் இன்றைக்கும் வரவில்லை. அவள் கேட்டை விட்டு வெளியே போய் ஏறிய பேருந்து எந்த ஊர்ப் பக்கம் போவது என்று டீக்கடைக்காரருக்குத் தெரிந்திருக்கிறது. அந்தப் பக்கத்தில் அங்கன்வாடியில் வேலை பார்க்கும் என் பழைய மாணவி ஒருத்தி இருக்கிறாள். அவளிடம் பாதுகாப்பு அலுவலர் பற்றிச் சொல்லி, 15100-ஐயும் எழுதிக் கொடுத்து அனுப்பியிருக்கிறேன்.